தேங்காய் சாதத்தை யாரும் சந்தேகப்படவில்லை

எங்கள் சொந்தத்தில் யார் வெளிநாடு கிளம்பினாலும் என் பேச்சு வந்துவிடும். போன மாதம் சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு வளைகாப்பு. கொழுந்தனார் முறையில் ஒரு பையன் குடும்பத்தோடு வியட்நாம் போகிறானாம். பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த நாத்தனார் இலையிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "எங்க வேணா போய்ட்டு வா. ரோட்டுக்கடையில மட்டும் கை வெச்சிராத. அண்ணி பாங்காக்ல பட்ட பாடு தெரியுமில்ல?" என்றார். வரிசை முழுக்க என்னைப் பார்த்தது. நான் ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்துக்கொண்டிருந்தேன். ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டிவைத்தேன்.

ஒரு வருடத்துக்கு மேலாக இப்படித்தான் ஆட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கதையில் வில்லியாக வரும் ரோட்டுக்கடை அம்மாவின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவர் கையால் சாப்பிட்ட சோறும் நினைவிருக்கிறது. என் வயிற்றைக் கெடுத்தது அவர் இல்லை என்பது ஊர் திரும்பிய சில நாட்களிலேயே எனக்குப் பிடிபட்டுவிட்டது. தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை எழுதித் தீர்த்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

2023 நவம்பரில் தாய்லாந்து நமக்கு விசா வேண்டாம் என்று சொன்னதும் சேலத்தில் ஏற்காட்டுக்குக் கிளம்புவதுபோல் பாங்காக்குக்குக் கிளம்பினார்கள். அடுத்த பிப்ரவரியில் நாங்களும் கிளம்பினோம். மொத்தம் 18 பேர். பெங்களூர் வரை பஸ், அங்கிருந்து விமானம், ஐந்து நாள். டூர் நோட்டீசில் தங்க புத்தர் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் ஒரு வரி: 'தென்னிந்தியச் சமையல்காரர் உடன் வருவார்.' பாதிப் பேர் அந்த வரிக்காகத்தான் பணம் கட்டினார்கள் என்பது என் கணிப்பு. அதுவும் போதாதென்று பருப்புப்பொடி, கறிவேப்பிலைத் தொக்கு, ரவா லட்டு, நாலு பாக்கெட் தட்டுவடை என்று ஆளாளுக்கு ஒரு மளிகைக் கடையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நானும்தான். வாட்ஸப் குழுவில் தினம் ஓர் எச்சரிக்கை வரும். வெளியில் தண்ணீர் குடிக்காதீர்கள், ஐஸ் போடாதீர்கள், ரோட்டுக்கடைப் பக்கமே போகாதீர்கள். பாம்பைக் கறி வைப்பார்கள் என்று ஒருவர் வீடியோ அனுப்பினார். ஏதோ போர்முனைக்குப் போகிறவர்களுக்குச் சொல்வதுபோல் இருந்தது.

இரண்டாவது நாள் இரவு என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. "இவ்வளவு தூரம் வந்து வத்தக்குழம்பா சாப்பிடுவாங்க?" என்று செருப்பை மாட்டிக்கொண்டார். ஹோட்டலுக்குப் பின்பக்கச் சந்தில் வரிசையாகத் தள்ளுவண்டிகள். நான் பயந்துகொண்டேதான் போனேன்.

அந்த வண்டியை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அதன் முன்னால்தான் கூட்டம் நின்றது. ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்ட பைக் டாக்ஸிக்காரர்கள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் ஆபீஸ் பெண்கள். கடைக்கார அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். தலையில் துணி கட்டியிருந்தார். அடுப்பு சீறியது. கரிபிடித்த இரும்புச் சட்டியில் எண்ணெய், உரலில் இடித்த பூண்டும் மிளகாயும். அந்தக் கமறலில் வரிசை முழுக்கத் தும்மியது. ஐஸ் பெட்டியைத் திறந்து கொத்திய கோழியை ஒரு கரண்டி அள்ளிப் போட்டு உடனே மூடினார். மீன் சாஸ் ஒரு வீச்சு. கடைசியில் ஒரு கைப்பிடி இலை. வாசனை வந்ததும் நான் திடுக்கிட்டேன். துளசி! நம் மாடத்தில் சுற்றிவந்து கும்பிடுகிறோமே, அதே இனம். அதைக் கோழிக்கறியில் போட்டுப் பிரட்டுகிறார். 'பட் கப்ராவ்' என்று பெயர். எங்கள் அம்மா பார்த்திருந்தால் அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பார். பக்கத்துச் சட்டியில் நிறைய எண்ணெயில் ஒரு முட்டை பொரிந்து ஓரமெல்லாம் முறுகியது. பெரிய எலெக்ட்ரிக் குக்கரைத் திறந்தார், ஆவி அவர் முகத்தை மறைத்தது. சோற்றைக் கவிழ்த்து, கறியைப் போட்டு, முட்டையை மேலே வைத்து நீட்டினார். எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம் ஆகியிருக்காது. அடுத்த ஆளுக்கு மறுபடி புதிதாக எண்ணெய், புதிதாகப் பூண்டு. முதல் வாய் நாக்கைச் சுட்டது. நான் அங்கே சாப்பிட்டதிலேயே நல்ல சாப்பாடு அதுதான், இன்றுவரைக்கும் சொல்வேன்.

மறுநாள் அயுத்தயா. பாங்காக்கிலிருந்து 80 கிலோமீட்டர் வடக்கே, பழைய தலைநகரம். நம் அயோத்தியின் பெயர்தான். மரவேர்களுக்கு நடுவே புத்தர் தலை மாட்டிக்கொண்டிருக்குமே, அந்த இடம். மதியம் ஒன்றரைக்கு நிழலில் ஜமக்காளம் விரித்துக் கட்டுச்சாதம் பிரித்தோம். என் வீட்டுக்காரர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். அவருக்குத் தேங்காய் சாதம் ஆகாது. எதிரே ஒரு கடையில் கொதிக்கக் கொதிக்கக் கோழி நூடுல்ஸ் சூப் குடித்துவிட்டு, பஞ்சு மிட்டாயை மெல்லிய ரொட்டியில் சுருட்டித் தருகிறார்கள் என்று அதையும் இரண்டு தின்றுவிட்டு வந்தார். நான் என் டப்பாவையும் முடித்து அவர் டப்பாவிலும் பாதி சாப்பிட்டேன்.

நாலு மணிக்கு பஸ்ஸில் எனக்கு வாந்தி ஆரம்பித்தது. ஐந்துக்குள் இன்னும் மூன்று பேருக்கு. அவர்களுக்கு வெயில், பஸ் ஆட்டம், வயசு என்று காரணம் சொன்னார்கள். எனக்கு மட்டும் காரணம் தயாராக இருந்தது: நேற்று ராத்திரி ரோட்டுக்கடை. யாரும் கோபமாகச் சொல்லவில்லை. முதுகைத் தடவிக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டுதான் சொன்னார்கள். "நாங்கதான் சொன்னமே அக்கா."

அன்று ராத்திரி எலக்ட்ரால் பாக்கெட்டைக் கரைத்து மடக்கு மடக்காகக் குடித்தேன். உண்மையில் என்னைக் காப்பாற்றியது அதுதான். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்ற பாட்டில்கள் தீர்ந்துபோனபோது, குளுக்கோஸையும் உப்பையும் சமையல் சோடாவையும் தண்ணீரில் கலந்து வாய்வழியாகக் கொடுத்து ஆயிரக்கணக்கானவர்களைப் பிழைக்கவைத்தார் திலீப் மஹலனாபிஸ் என்ற கல்கத்தா மருத்துவர். அந்தப் பாக்கெட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன். பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பெட்டியில் எதை மறந்தாலும் இந்தக் கணக்கை மறக்காதீர்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை ஒருவர் கொடுத்தார், நான் போடவில்லை. எனக்கு வாந்திதான் அதிகம். தவிர, காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் அந்த மாத்திரையைத் தொடவே கூடாது, டாக்டரிடம்தான் போகவேண்டும்.

காலையில் வீட்டுக்காரர் அதே சந்தில் இருந்து ஒரு கிண்ணம் அரிசிக் கஞ்சி வாங்கிவந்தார். ஜோக் என்று பெயராம். குழைய வேகவைத்து மேலே இஞ்சி நறுக்கிப் போட்டிருந்தார்கள். காய்ச்சலில் அம்மா வைத்துக் கொடுக்கும் நொய்க் கஞ்சியேதான். உடன் வந்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். "மறுபடியும் ரோட்டுக்கடையா!" ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். மதியத்துக்குள் எழுந்து நடமாடிவிட்டேன்.

யார் எதைச் சாப்பிட்டது

நான் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். ஊருக்கு வந்து நாலு நாள் கழித்து, துணி மடித்துக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் கணக்கைப் போட்டேன். ரோட்டுக்கடையில் சாப்பிட்டது இரண்டு பேர், நானும் அவரும். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வாந்தி எடுத்தது நாலு பேர். அதில் மூன்று பேர் அந்தச் சந்துப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள். நாலு பேரும் தேங்காய் சாதம் சாப்பிட்டவர்கள். சாப்பிட்ட மற்றவர்கள் பலர் நன்றாக இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் என்னைப்போல் ஒன்றரை டப்பா சாப்பிடவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட இதை அட்டவணை போட்டுச் சொல்லிவிடும். எனக்கு நாலு நாள் ஆயிற்று.

கையில் மடித்துக்கொண்டிருந்த புடவையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி யோசித்தேன். சமையல்காரர் நாலு மணிக்கு எழுந்து, ஐந்தரைக்கு ஆவி அடங்காத சாதத்தை பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து மூடி, அட்டைப்பெட்டியில் நெருக்கி அடுக்கி பஸ்ஸின் அடிவயிற்றில் வைத்தார். திறந்தது ஒன்றரைக்கு. எட்டு மணி நேரம். டப்பா வெதுவெதுப்பாகவே இருந்தது, "பாத்தீங்களா, இன்னும் சூடு இருக்கு" என்று நாங்களே பாராட்டினோம். வேகவைத்தாலும் சாகாத வித்துகள் சில அரிசியில் உண்டு. பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியுடையவை. சோறு கொதிக்கும் சூட்டிலும் இல்லாமல் குளிரவும் செய்யாமல் வெதுவெதுப்பில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி ஒரு நஞ்சை விடும். அந்த நஞ்சு திரும்பச் சூடுபண்ணினாலும் போகாது. சாப்பிட்ட ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி. எனக்கு இரண்டரை மணி நேரம். பரிசோதனை எதுவும் செய்யாததால் கோர்ட்டில் நிற்காது. ஆனால் எனக்குச் சந்தேகம் இல்லை.

சரி, இதைச் சொல்வதற்கு என்ன? இங்கேதான் விஷயம். முதல் நாள் கட்டுச்சாதம் புளிசோறு. இரண்டாம் நாளும் புளிசோறு. அன்று மாலை சமையல்காரரிடம் போய், "தினமும் புளிதானா அண்ணா? நாளைக்கு ஒரு மாறுதலுக்குத் தேங்காய் சாதம் போடுங்களேன்" என்று கேட்டது நான். அவர் தயங்கினார். "மத்தியானம் வரைக்கும் இருக்கணுமேங்கம்மா" என்றுகூடச் சொன்னார். "நீங்க சூடா கட்டிடுங்க, ஒண்ணும் ஆகாது" என்றேன். கணக்கு டீச்சர் சொன்னால் மறுபேச்சு ஏது. என்னோடு வாந்தி எடுத்த மூன்று பேரில் ஒருவருக்கு எழுபத்திரண்டு வயது.

இதனால்தான் பந்தியில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். முகம் தெரியாத ஒரு தாய்லாந்துக்காரம்மா பழியைச் சுமப்பது எனக்கு வசதியாக இருந்தது. அவர் சேலத்துக்கு வந்து கேட்கப்போவதில்லை.

இரண்டு சோறு

அந்த அம்மாவின் குக்கரில் இருந்ததும் சோறு, எங்கள் டப்பாவில் இருந்ததும் சோறு. அவருடையது கைவைத்தால் சுடும் சூட்டில் நாளெல்லாம் நின்றது. எங்களுடையது நம் உடம்புச் சூட்டில் எட்டு மணி நேரம் கிடந்தது. உணவுப் பாதுகாப்பு பற்றிப் பேசுகிறவர்கள் 5 டிகிரியிலிருந்து 60 டிகிரிவரை அபாய எல்லை என்பார்கள். ஒன்று அதற்கு மேலே வை, இல்லை கீழே வை, நடுவில் விடாதே. இதைத் தெரிந்துகொண்ட பிறகு வெளியூரில் நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. முன்பெல்லாம் மேஜைவிரிப்பு வெள்ளையா, பரிமாறுகிறவர் கையுறை போட்டிருக்கிறாரா என்று பார்ப்பேன். இப்போது ஆவி பறக்கிறதா, எத்தனை நேரமாக இருக்கிறது, இரண்டே கேள்வி. நட்சத்திர ஹோட்டல் காலைச் சாப்பாட்டில் வெள்ளித் தட்டில் அடுக்கிய நூடுல்ஸ் எட்டு மணியிலிருந்து பத்தரைவரை அங்கேயே குளிர்ந்து கிடக்கும். அதன்மேல் யாருக்கும் சந்தேகம் வராது.

இது எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று சொல்லவரவில்லை. அந்தச் சந்திலேயே உரலில் இடித்துத் தரும் பப்பாளிக்காய்ச் சாலட் இருந்தது. சில வண்டிகளில் அதில் உப்பில் ஊறிய பச்சை நண்டையும் சேர்த்து இடிக்கிறார்கள். அடுப்பைப் பார்க்காத சமாச்சாரம், நான் நகர்ந்துவிட்டேன். அங்கே ஐஸ் பெரும்பாலும் நடுவில் ஓட்டை உள்ள உருளைத் துண்டுகளாக வருகிறது, தொழிற்சாலையில் சுத்தமான நீரில் செய்வது. அதையும் கையால் அள்ளிப்போட்டால் சுத்தம் எங்கே நிற்கும்? மாம்பழம் முழுதாக வாங்கி நாமே கழுவித் தோல் சீவினால் பயமில்லை. வெட்டிப் பையில் போட்டுத் தொங்கவிட்டிருப்பது வேறு கதை. தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டுச் சோறும் மாம்பழமும் அங்கே பிரசித்தம். மல்கோவாவும் இமாம்பசந்தும் தின்று வளர்ந்த சேலத்துக்காரி அந்த மாம்பழத்துக்கு மார்க் போடாமல் இருக்க முடியுமா? நூற்றுக்கு எழுபது. ஆனால் பாலை நம் கண்முன் சூடாக ஊற்றுகிற கடையில் மட்டும் சாப்பிட்டேன். தேங்காய் என்றாலே அதற்குப் பிறகு எனக்கு ஒரு கண்.

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் சிலருக்கு வரும். போகும் இடத்தையும் பருவத்தையும் பொறுத்து இரண்டு வாரப் பயணத்தில் 30 முதல் 70 சதவீதம் பேருக்கு வயிறு கெடுகிறது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பயணக் கையேடு சொல்கிறது. கொதிக்கவை, வேகவை, தோலுரி, முடியாவிட்டால் விட்டுவிடு என்ற பழைய விதியைச் சரியாகப் பின்பற்றியவர்களுக்கும் வருகிறதாம். சமையலறைக்குள் யார் கை கழுவினார்கள் என்று சாப்பிடுகிறவருக்கு எப்படித் தெரியும்? அதனால் வயிற்றுக்கு ஒரு சோதனை வந்தால் உடனே கடைசியாகப் புதிதாகச் சாப்பிட்டது எதுவோ அதைப் பிடித்துக்கொள்வது நியாயமில்லை. கிருமிக்குக் கிருமி நேரம் வேறு. ஒன்று சில மணி நேரத்தில் காட்டும், இன்னொன்று மூன்று நாள் கழித்துக் காட்டும். நாமோ எது பழக்கமில்லாததோ அதன் தலையில் கட்டிவிடுகிறோம்.

'நம்ம வயிறு எதையும் தாங்கும்' என்று ஒரு பெருமை இருக்கிறதே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர்க் கிருமிகள் சிலவற்றுக்கு நம் உடம்பு பழகியிருப்பது உண்மை. சின்ன வயதில் நமக்குத் தெரியாமலே மஞ்சள் காமாலை ஏ வந்துபோன தலைமுறை நாங்கள். ஆனால் அந்தப் பழக்கம் ஊர் மாறினால் கூடவே பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு வருவதில்லை. என் ஒன்றரை டப்பா சாட்சி.

பழைய சோறு மட்டும் எப்படி ஒத்துக்கொள்கிறது என்று கேட்பீர்கள். நானும் யோசித்தேன். அதை வெறும் சோறாக மூடிவைப்பதில்லை, தண்ணீர் ஊற்றிப் புளிக்கவிடுகிறோம். புளிப்பு ஏற ஏற மற்ற கிருமிகளுக்கு இடம் குறைந்துவிடுகிறது. புளிசோறு இரண்டு நாள் தாங்குவதும் கிட்டத்தட்ட இதே தர்மம்தான். நம் ஆட்கள் டிகிரி தெரியாமலே இதைச் செய்துகொண்டிருந்தார்கள். ஏற்காட்டில் நீர் கொதிப்பதே 95 டிகிரியில்தான், 1515 மீட்டர் உயரம் அல்லவா. அதனால் கிருமி தப்பிக்குமோ என்று பயந்து ஒரு உறவினர் டீ குடிக்காமல் இறங்கிவந்தார். அந்தச் சூடு தாராளமாகப் போதும். தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் சரி, 2000 மீட்டருக்கு மேலே போனால்தான் மூன்று நிமிடம். ஏரிக்கரையில் எண்ணெயிலிருந்து நேராகக் கைக்கு வரும் மிளகாய் பஜ்ஜியைவிடப் பத்திரமான சாப்பாடு அந்த மலையில் எனக்குத் தெரியாது. கூடக் கொடுக்கும் சட்னிக்கு நான் பொறுப்பில்லை.

அம்மாப்பேட்டையில் ஒரு சாயங்காலம்

இவ்வளவும் தெரிந்துகொண்ட மேதாவி என்ன செய்தேன் என்று கேளுங்கள். இந்த மாதம் அண்ணன் மகள் நியூஜெர்சியிலிருந்து பையனோடு வந்திருக்கிறாள். பையனுக்கு எட்டு வயது, அங்கேயே பிறந்தவன். அவனுக்குச் சேலம்தான் வெளிநாடு. வந்த மூன்றாம் நாள் தட்டுவடை செட் வேண்டும் என்றாள், தட்டுவடையில் காய்த் துருவலும் சட்னியும் வைத்துத் தருவார்களே, அது. இவள் கல்லூரி நாட்களில் வாரம் நாலு முறை சாப்பிட்டது. மூன்று பேரும் ஆட்டோ பிடித்துப் போனோம்.

இருபது வருடமாக நான் போகும் கடை. கடைக்கார அண்ணன் என்னைப் பார்த்ததும் சிரித்தார். இரண்டு செட், அதையே நொறுக்கிக் கலந்து தரும் நொறுக்கல் ஒன்று சொன்னேன். அண்ணன் மகள் வண்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "அத்தை, இவனுக்குக் கொடுக்கலாமா? சேஃபா?"

"நம்ம அண்ணன் கடைடி. ஒண்ணும் ஆகாது" என்றேன்.

சொன்ன வார்த்தை என் காதிலேயே வந்து விழுந்தது. 'ஒண்ணும் ஆகாது.' சமையல்காரரிடம் சொன்ன அதே மூன்று... இல்லை, இரண்டே வார்த்தை. அங்கேயும் தெரிந்த ஆள், நம்ம சாப்பாடு, நம்ம பாத்திரம். வேறென்ன பார்த்தேன் நான்?

அப்போதுதான் அந்த வண்டியை, இருபது வருடத்தில் முதல்முறையாக, பாங்காக் சந்தில் நின்று பார்ப்பதுபோல் பார்த்தேன். தட்டுவடை தகர டின்னில் இருந்தது. எண்ணெயில் பொரித்து, உலர்ந்து, கையால் ஒடித்தால் சத்தம் வரும். அதில் எதுவும் குடியிருக்க முடியாது. அதற்கு மேலேதான் எல்லாம். துருவிய கேரட்டும் பீட்ரூட்டும் அகலத் தாம்பாளத்தில் குவிந்திருந்தன, பீட்ரூட்டின் அடியில் சிவப்பாகத் தண்ணீர் விட்டிருந்தது. நறுக்கிய வெங்காயம். சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி. பச்சையில் கொத்தமல்லியும் புதினாவும், அரைக்க ஊற்றிய தண்ணீரும், எதுவும் அடுப்பு ஏறியதில்லை. அண்ணன் ஒரு கையால் நூறு ரூபாய் நோட்டை வாங்கி டப்பாவில் போட்டார். அதே கையால் துருவலை அள்ளினார். அழுக்கான மனிதர் இல்லை. வெள்ளைத் துண்டு, துடைத்துத் துடைத்துப் பளபளக்கும் வண்டி. அன்பாகத்தான் அள்ளினார்.

எனக்குப் பழக்கம், நான் சாப்பிடுவேன். சாப்பிட்டேன். ஆனால் அந்தப் பையனுக்கு இது பழக்கம் இல்லை. அமெரிக்காவில் டைபாய்டு வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் வெளிநாடு போய்வந்தவர்கள். அதிலும் தெற்காசியாவுக்குச் சொந்தக்காரர்களைப் பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். சொந்த ஊர்தானே என்று ஊசி போட்டுக்கொள்ளாமல் வருகிறார்கள். நல்லவேளையாக இவள் பையனுக்கு டைபாய்டு ஊசி போட்டுத்தான் கூட்டிவந்திருந்தாள். "அண்ணா, தம்பிக்கு வெறும் தட்டுவடை மட்டும் குடுங்க, டின்ல இருந்து" என்றேன். அண்ணன் முகத்தில் ஒரு நொடி ஏதோ வந்து போனது. இருபது வருட வாடிக்கை. ஆனால் ஒன்றும் சொல்லாமல் இடுக்கியைத் தேடி எடுத்து, நாலு தட்டுவடையைக் காகிதத்தில் வைத்துக் கொடுத்தார். பையன் நடந்துகொண்டே நொறுக்கினான். வீட்டுக்குப் போய் ஒரு முழு மாம்பழத்தைக் கழுவிச் சீவிக் கொடுத்தேன். முழங்கைவரை வழியவிட்டுத் தின்றான். அவனுக்கு ஏதோ கிடைக்காமல் போய்விட்டது என்று எனக்குத் தோன்றவில்லை.

ராத்திரி செவ்வாய்ப்பேட்டையில் அண்ணன் வீட்டுச் சமையலறை. மறுநாள் விடியற்காலை ஏற்காடு போவதாக ஏற்பாடு. அம்மாவுக்கு எண்பத்து நாலு வயது. கட்டுச்சோறு என்றால் மட்டும் மருமகளை நகரச் சொல்லிவிட்டு அடுப்பைத் தன்வசம் எடுத்துக்கொள்வார். ஸ்டூலில் உட்கார்ந்தபடி புளிக்காய்ச்சலைக் கிண்டிக்கொண்டிருந்தார். நல்லெண்ணெய் ஓரத்தில் பிரிந்து வந்துகொண்டிருந்தது. அண்ணன் மகள் எட்டிப் பார்த்தாள். "பாட்டி, அவனுக்குக் காரம் ஆகாது. தேங்காய் சாதம் கட்டிக்கலாமா?"

"தேங்கா போட்டது உச்சிக்கு மேல நிக்காது" என்றார் அம்மா, கிண்டுவதை நிறுத்தாமல். "அவனுக்குத் தனியா காரமில்லாம கிளறித் தரேன்."

இவள் என் பக்கம் திரும்பினாள். "அத்தை, பாங்காக்ல உங்களுக்கு ரோட்டுக்கடையில என்னதான் ஆச்சு? அப்பா சொல்லிட்டே இருப்பாரு."

அம்மாவும் நிமிர்ந்தார். வளைகாப்புப் பந்தியில் ஆட்டிய தலையை இங்கே ஆட்ட முடியவில்லை. சொன்னேன். சந்து, அந்த அம்மா, குக்கர், அயுத்தயா, சமையல்காரரிடம் நான் கேட்டது, எல்லாம். துளசியைக் கோழியில் போட்டதை மட்டும் சொல்லவில்லை. அம்மா கேட்டுக்கொண்டே கிண்டினார்.

"எத்தனை மணிக்குக் கட்டினாங்க?"

"அஞ்சரைக்கு."

"சாப்பிட்டது?"

"ஒன்றரை இருக்கும்."

"ஆற வெச்சா கட்டினாங்க?"

"இல்லம்மா. சூடா கட்டச் சொன்னதே நான்தான்."

அம்மா அடுப்பை அணைத்தார். கரண்டியை வாணலியின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் தட்டில் வைத்தார்.

"அப்புறம் எதுக்குடி அந்தப் பொம்பளையச் சொல்லிக்கிட்டுத் திரியறீங்க?"